மெட்டி இல்லாத காலுக்குப் பனிச்சறுக்கு பூட்ஸ்

மாமோய்,

நம்ம பாப்பா என்னை மணாலிக்குக் கூட்டிப் போகிறாள். பனியில் சறுக்கி விளையாட பூட்ஸ் வாங்க இன்றைக்குச் சேலத்தில் ஒரு கடைக்குப் போனோம்.

வழக்கம்போல ஒரு சைஸ் பெரிதாக எடுத்தேன். கடைக்காரப் பெண் சிரித்தாள். "லூசா இருந்தா உழுந்துருவீங்க. இறுக்கிப் புடிக்கோணுமுங்க. மெட்டி போட்டிருந்தா கழட்டிருங்க, குத்தும்."

"அவரு போனப்பவே கழட்டியாச்சு சாமி" என்றேன்.

அந்தப் பெண் குனிந்து பூட்ஸை மாட்டிவிட்டாள். கச்சிதமாக இருந்தது. எழுந்து நடந்தால் யானை மாதிரி நடக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, அப்பா போனதுக்கப்பறம் இப்பத்தான் சிரிக்கிறே" என்றாள் பாப்பா.

சுருக்கென்றது. உட்கார்ந்துவிட்டேன்.

ஆப்பிள் லோடு ஏற்ற லாரியில் மணாலிப் பக்கம் போகும்போதெல்லாம், "ஒரு ட்ரிப்பு உன்னையும் கூட்டிட்டுப் போய் பனியக் காட்டறேன் புள்ள" என்பீர்களே.

பூட்ஸை வாங்கியாச்சு. சொந்தக்காரர்கள் பேசுவதைப் பேசட்டும். நீங்கள் இல்லாமல் நான் அங்கே போய்ச் சிரித்தால், உங்களுக்கு வருத்தமா இருக்குமா மாமா?