எனக்கு விழுந்த ஒரே ஓட்டு

நான் எலிபலெட் பாஸ்கம். பீப்பாய் செய்து பிழைக்கிறவன். எங்கள் ஊருக்காகப் பாஸ்டன் சட்டசபையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதே மாதம் வெள்ளம் ஆற்றுப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. புதுப் பாலம் வேண்டுமென்று சபையில் கேட்க ஆள் வேண்டும். என் பீப்பாய்கள் அக்கரைக்குப் போக வழியில்லாமல் பட்டறையில் குவிந்து கிடந்தன.

இடைத்தேர்தல் வைத்தோம். கேப்டன் அமாசாவுக்கு நாற்பது ஓட்டு, கோயில் டீக்கன் பெலெக்குக்கு நாற்பது, எனக்கு ஒன்று. பாதிக்கு மேல் வாங்கினால்தான் ஜெயம் என்பது எங்கள் சட்டம். மறுபடி வைத்தோம், அதே கதை. மூன்றாவது தடவையும் அப்படியே.

சத்தியமாக நான் கேப்டனுக்குத்தான் போட்டேன். அப்படியானால் என் அருமை தெரிந்த ஒருத்தன் ஊரில் இருக்கிறான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்டனுக்கென்று புதுத் தொப்பி வாங்கினேன். பசுமாட்டைச் சபாநாயகராக நிறுத்திப் பேசிப் பழகினேன். நாலாவது தேர்தலில் வெட்கத்தை விட்டு எனக்கே போட்டுக்கொண்டேன். எனக்கு இரண்டு ஓட்டு, ஊருக்குப் பாலம் இல்லை. மனைவி பீப்பாய்க் குவியலைப் பார்த்தாள், பிறகு தொப்பியைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஆற்றங்கரை வீட்டு சாடோக் பட்டறைக்கு வந்தான். ஞாயிறு ஜெபத்தில், கோயிலில் எனக்கு முன் பெஞ்சுக்காரன்.

"எலி, முதல்லேர்ந்து உனக்குப் போட்டது நான்தான்யா."

கட்டிப்பிடிக்கக் கையை நீட்டிவிட்டேன். "என்கிட்ட அப்படி என்னத்தைக் கண்ட?"

"சபை நடக்கிற மாசமெல்லாம் நீ பாஸ்டன்ல இருப்பியே. ஞாயித்துக்கிழமை என் காதுக்குப் பின்னாடி நின்னு நீ பாடுறது இருக்கே, பொறுக்க முடியலப்பா."

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு பீப்பாயைத் தட்டினேன். அழுகை வந்தது, ஒளிப்பானேன். இருபது வருஷமாகக் கோயிலிலேயே நல்ல குரல் என்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

கடைசியில் பேரம் படிந்தது. நான் கோயிலில் வாய் திறப்பதில்லை, அவன் கேப்டனுக்குப் போடுவான். ஐந்தாவது தேர்தலில் நானும் அவனும் கேப்டனுக்கே போட, அவருக்கு நாற்பத்தொன்று. ஓட்டுச் சீட்டுகளை வாங்கிப் போட்டது என் புதுத் தொப்பியில்தான்.

பாலம் வந்துவிட்டது, சாடோக் வீட்டு ஜன்னலை ஒட்டியே. கோயிலில் வாய் திறப்பதில்லை என்ற வாக்கை நான் மீறவே இல்லை. தினமும் வண்டியோட்டிப் பாலத்தைக் கடக்கும்போதுதான் பாடுகிறேன். நேற்று அவன் ஜன்னலைத் திறந்து, அடுத்த தேர்தலில் அவனும் அவன் மூன்று மகன்களும் எனக்கே போடப் போவதாகச் சொன்னான். ஆக, எனக்கு ஆதரவு பெருகிக்கொண்டிருக்கிறது.