வட்டத்துக்கு வெளியே நின்ற இருவர்

மங்களம் 1976இல் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் போட்டோ கடை திறந்தார். அதற்கு முன் ஒன்பது வருஷம் ஈப்போவில் ஒரு சீனர் ஸ்டூடியோவில் நெகட்டிவுகளைப் பென்சிலால் திருத்தும் வேலை. யார் யாருடைய அம்மைத் தழும்பையோ மறைத்துக் கொடுத்தவருக்கு, ஒரு படம்கூட எடுக்க வாய்ப்புத் தரவில்லை. வேலையை விட்டபோது பழைய மரக் கேமரா ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் லென்ஸ் பூஞ்சை பிடித்து வீணாகியிருந்தது.

உடைந்துபோன சின்னக் கேமரா ஒன்றின் லென்ஸைக் கழற்றி, தகரப் பட்டறையில் வளையம் செய்து மரக் கேமராவில் பொருத்தினார். பிஸ்கட் அளவு பிலிமுக்காகச் செய்த லென்ஸ் அது. மரக் கேமராவில் போடுவதோ உள்ளங்கை அகல பிலிம். ஆனாலும் கடையில் முகங்கள் நன்றாகவே விழுந்தன. மூலைகள் கொஞ்சம் இருண்டாலும், பின்னால் தொங்கிய கறுப்புத் திரையில் அது தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பக்கத்து எஸ்டேட்டில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் இராமசாமி தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். கோயில் முன்னால், உச்சி வெயிலில், முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு மங்களம் பார்த்ததெல்லாம் நடுவில் நின்ற பெண்ணையும் மாப்பிள்ளையையும்தான்.

கழுவிப் பார்த்தால் படம் வட்டமாக வந்திருந்தது. தூரத்தில் இருப்பதை எடுக்கும்போது அந்த லென்ஸால் பிலிம் முழுவதையும் நிரப்ப முடியவில்லை. இரண்டு ஓரங்களும் இருட்டு. அந்த இருட்டில் காணாமல் போனவர்கள் இருவர்: பெண்ணின் பெரியம்மா செல்லாயி, மாமா சன்னாசி. அக்கா தம்பி. நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாததால் ஆளுக்கொரு ஓரத்தில் நின்றிருந்தார்கள். செல்லாயியின் கணவர் இறந்தபோது சன்னாசி லாரியோடு எங்கோ காட்டுப் பாதையில் இருந்தார். வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்.

இரண்டு நாள் மங்களம் படத்தை யாருக்கும் காட்டவில்லை. பிறகு படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தப்பு தன்னுடைய லென்ஸில்தான் என்று இராமசாமியிடம் மறைக்காமல் சொல்லி, விட்டுப்போனவர்களைத் தனித்தனியாக எடுத்துத் தருவதாகவும் சொன்னார். இராமசாமி படத்தின் இரண்டு ஓரங்களையும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அனுப்புவதாகச் சொன்னார். ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லவில்லை.

சன்னாசி முதலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்லாயி வந்து அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். மங்களம், தனியாகவே எடுக்கலாம், அவர் போன பிறகு வரலாம் என்றார்.

"தனியா எடுக்க வேணாம்லா," என்றார் செல்லாயி. "தனிப் படம்னா செத்தவங்களுக்குத்தான் மாட்டுவாங்க."

சன்னாசி எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தார். செல்லாயி உட்கார்ந்தார். சன்னாசி பக்கத்தில் நின்றார், ஆனால் ஒரு முழம் தள்ளி. தள்ளி நின்றால் லென்ஸில் அடங்காது என்று மங்களம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லும் முன் சன்னாசி குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"அக்கா, அன்னிக்கி ரோடு ஒடஞ்சி போச்சி. யாராச்சும் சொன்னாங்களா ஒனக்கு?"

"நீ சொல்லலையே," என்றார் செல்லாயி.

சன்னாசி நாற்காலியின் கையில் சாய்ந்து நின்றார். மங்களம் படத்தை எடுத்தார். செல்லாயி சிரிக்கவில்லை. சன்னாசியின் கண்கள் மட்டும் கலங்கியிருந்தன; நெகட்டிவில் அதைத் திருத்த மங்களம் பென்சிலை எடுக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குச் சன்னாசி அக்கா வீட்டுக்குப் போனார் என்று இராமசாமி வந்து சொன்னார். கூடவே அந்தப் படத்தில் இன்னொரு பிரதியும் கேட்டார்.

1981இல் மங்களம் மரக் கேமராவுக்கேற்ற பெரிய லென்ஸ் வாங்கினார். கல்யாணக் கூட்டங்கள் ஓரம்வரை தெளிவாக விழுந்தன. சின்ன லென்ஸைத் தூக்கிப் போடவில்லை. பொருளை மிக அருகில் வைத்து, கேமராவின் மடிப்புத் துருத்தியை நீட்டினால், அதே லென்ஸ் பிலிம் முழுவதையும் நிரப்புவதைக் கண்டுபிடித்திருந்தார். அடையாளக் கார்டிலிருந்த தபால்தலை அளவு முகங்களைப் பெரிதாக்கித் தர முடிந்தது. அப்பாவின் வேறு படமே இல்லாதவர்கள் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்தும் கோலா கங்சாரிலிருந்தும் தேடி வந்தார்கள்.