வளவில் காய்ந்த பாவாடை

போன மாதம் காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். எனக்காக அல்ல. என் வீட்டில் நானே ஒரு பழைய சாமான்தான், இன்னொன்றுக்கு இடமில்லை. மருமகளுக்குக் கண்ணாடி விளக்கு வேண்டுமாம். அவள் பேரம் பேசிக்கொண்டிருக்க, மூலையில் கிடந்த பிரம்புப் பேழையின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை, நாள்பட்ட துணியின் புழுங்கல் வாசனை மட்டும் இருந்தது. எனக்கென்னவோ கூடவே சோப்பு வாசனையும் வந்தது. கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார், உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. சாக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். டென்மார்க்கிலிருந்து சர்ச் வேலைக்கு வந்தவர்கள். கணவர் பெயர் பீட்டர், மனைவி இங்ரிட். இங்ரிட்டுக்கு இட்லி பிடிக்கும், பல்லியைக் கண்டால் உயிர் போய்விடும். சந்தையில் போய், "தாயே, தக்காளி தாருங்கள்" என்பார். கூடைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கொசுறு போடுவாள். அந்தத் தமிழுக்கு நான்தான் பொறுப்பு.

அவர்களுக்கு வீடு கிடைத்ததே பெரும்பாடு. மாட்டுக்கறி சமைப்பார்கள் என்று பயந்து தெருத்தெருவாகக் கையை விரித்தார்கள். கடைசியில் கானாடுகாத்தானில் பிறந்த வீட்டோடு இருந்த ஓர் ஆச்சி, காரைக்குடியில் பூட்டிக்கிடந்த தன் வீட்டைக் கொடுத்தார். மாட்டுக்கறி கூடாது, உள்முற்றமான வளவின் மூலையில் பூட்டியிருக்கும் சாமி வீடு என்கிற அறையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் பேச்சு. இங்ரிட் அப்போது மாசமாக இருந்தார். இந்த வீடும் போனால் ஊரைவிட்டே கிளம்பவேண்டியதுதான் என்று பீட்டருக்கு மேலே உள்ளவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கிளம்பினால் என் வேலையும் கிளம்பிவிடும், அந்தக் கவலையும் எனக்கு இருந்தது.

ஐப்பசி மழை விடாமல் அடித்து ஓய்ந்த ஒரு காலையில் போனேன். வளவுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. கொடி நிறையப் பழைய கண்டாங்கிச் சேலைகள், ஒரு வேட்டி, ஓரத்தில் சிவப்புக் கரை போட்ட சின்னப் பாவாடை. எல்லாவற்றிலும் சீமைச் சோப்பு மணம். சாமி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் நகரத்தார் வீட்டுப் பெண்கள் என்பதால் எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இறந்துபோன முன்னோர்களின் துணிகளைப் பேழையில் வைத்திருப்பார்கள். வருசத்தில் ஒருநாள் எடுத்து, வீட்டுப் பெண்களே விரதமிருந்து குளத்தில் நனைத்துக் காயவைத்து, சாமிக்குப் போலப் படைத்து, திரும்ப மடித்து வைப்பார்கள். அதற்குப் படைப்பு என்று பெயர். வேற்றுக் கை படக் கூடாது. வருகிற வெள்ளிக்கிழமைதான் அந்த வீட்டுப் படைப்பு.

பீட்டர் கிராமத்துச் சபைகளுக்குப் போனவர், கண்மாய் உடைந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். ஓடு விலகி, சாமி வீட்டுக் கதவடியில் தண்ணீர் வழிந்து வந்திருக்கிறது. கூப்பிட்டு வந்த ஆசாரி பூட்டைத் தொட மாட்டேன் என்று ஓடிவிட, இங்ரிட் தானே சுத்தியலால் உடைத்து, நனைந்த துணிகளை எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறார். நான் விசயத்தைச் சொன்னதும் அந்த முகம் வெளுத்தது. அதற்குமேல் வெளுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மடித்து உள்ளே வைத்துவிடலாமா என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதே வாசலில் கார் வந்து நின்றது. ஆசாரி சும்மா இருப்பாரா? ஆச்சியும் அவர் கொழுந்தனாரும் இறங்கினார்கள்.

ஆச்சி யாரையும் பார்க்கவில்லை. நேரே கொடிக்குப் போய் அந்தச் சின்னப் பாவாடையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"யாரு தொட்டது?"

கொழுந்தனார் கத்தினார். அண்ணன் மனைவியை அவர்கள் அண்ணமிண்டி என்பார்கள். "வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டீகளா அண்ணமிண்டி? இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுங்க. பங்காளிக மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"இருங்க," என்ற ஆச்சி என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, எதுக்குத் தொவச்சாகன்னு கேளு."

நான் கேட்பதற்குள் இங்ரிட்டே, நான் சொல்லிக்கொடுத்த அந்தப் புத்தகத் தமிழில் பதில் சொன்னார்.

"தண்ணீர் வந்தது. சின்னப் பாவாடை நனைந்தது. இதன் அம்மா வருந்துவார்கள் என்று நினைத்தேன்."

ஆச்சி பாவாடையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"புள்ளைய பர்மாவுல, மோல்மீன் மண்ணுலயே விட்டுட்டு வந்தோம்," என்றார் என்னிடம். "இது மட்டுந்தேன் கூட வந்துச்சு."

அந்தப் பாவாடையின் அம்மா அவர்தான் என்று எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது. கொழுந்தனார் மறுபடி ஏதோ ஆரம்பித்தார். "வீடு என்னோடது," என்றார் ஆச்சி. "குளத்துல திரும்ப நனைச்சு எடுத்துக்கிருவோம். வெள்ளிக்கெழம படைப்பு நடக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வருசம் மழ வந்தா ஆள் விட்டுச் சொல்லச் சொல்லு. சோப்புப் போட வேணாம்னும் சொல்லு," என்றார்.

இங்ரிட் என் கையைப் பிடித்து, "அடுத்த வருடம்?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

பிறகு மகன் பிறந்தான். ஒவ்வொரு படைப்புக்கும் இங்ரிட் அவனைத் தூக்கிக்கொண்டு முகப்பில் போய் உட்கார்ந்துகொள்வார், பணியாரம் அங்கே வந்துவிடும். ஆச்சி அவரிடம் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. எழுபதுகளின் நடுவில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆச்சி போனபின் பங்காளிகள் வீட்டைப் பிரித்து, தூண் ஒரு பக்கம் கதவு ஒரு பக்கமாக விற்றார்கள். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபத்துக்கு வருகிற கார்கள் நிற்கின்றன.

கடையில் பார்த்தது அதே பேழைதானா என்று கேட்காதீர்கள். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"பழந்துணிதேன் கெடந்துச்சும்மா. தொடைக்க ஆகுமேன்னு வச்சுக்கிட்டோம்," என்று, விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த துணியையே ஆட்டிக் காட்டினார்.

அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மருமகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன், சோப்புப் போடவில்லை. காய்ந்துவிட்டது. மடித்து எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.