எனக்கு இல்லாத துடக்கு

வறுத்த பயற்றின் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. மானிப்பாயில் ஒரு பெரிய வீட்டின் 'குசினி'யில், அடுப்படியில், என் சிறுவயது அந்த மணத்தோடுதான் கழிந்தது. வீட்டுக்காரியைப் 'பெரியம்மா' என்றுதான் நான் கூப்பிட வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் அவர், "இவள் வேலைக்காரியில்லை, எங்கடை பிள்ளை மாதிரி" என்பார். கதிரையில் அவர்களுக்குச் சமமாக உட்காரப்போனால் மட்டும் அந்தப் பிள்ளை எங்கே போய்த் தொலையுமோ தெரியாது.

அவர்களுக்குச் சொந்தம் பெருத்தது. கனடாவில் யாராவது கண்ணை மூடினால் இங்கே 'துடக்கு' என்று தீட்டு வந்துவிடும், சாமியறைக்குள் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. "உனக்கென்ன துடக்கே? தோய்ஞ்சிட்டு வந்து விளக்கைக் கொளுத்து" என்று பெரியம்மா அதையும் என் தலையில் கட்டுவார்.

கொழும்புத்துறையில் அப்பா இருமலோடு படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்துவர விடும்படி நச்சரித்தேன். "எங்கடை திருவிழா முடியட்டும்" என்றார். பிள்ளையார் கோயிலில் ஒருநாள் திருவிழா அந்த வீட்டாருடைய உபயம்.

திருவிழாவன்று காலை வாசல் படலையில் என் சித்தப்பாவின் முதுகு தெரிந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவதற்குள் அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். "கொப்பருக்குச் சுகமாம். நீ மாவைக் குழை" என்றார் பெரியம்மா. நானும் சந்தோஷமாகக் குழைத்தேன், வறுத்த பயற்றை உள்ளே வைத்து மோதகம் பிடித்தேன், பிள்ளையாருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

மறுநாள் அண்டாக்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான், "கொப்பர் மோசம் போயிட்டாராம். நேற்றே சொன்னால் உனக்குத் துடக்கெல்லே, ஆர் மோதகம் பிடிக்கிறது? சாமி காரியம், பிள்ளை" என்றார்.

நான் கொழும்புத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, "பின்னாலை அனுப்புறன் எண்டு சொன்னவ" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். முதல்நாள் பொழுதுபடும்வரை எனக்காகப் பாடையைத் தூக்காமல் வைத்திருந்தார்களாம். ஒரு பஸ் தூரம்தானே, ஒரே ஒரு பஸ் தூரம்!

அந்த வீடு இப்போது கல்யாண மண்டபம். குசினி இருந்த இடத்தில் வாகனங்களை நிறுத்துகிறார்கள். பெரியம்மாவும் இல்லை. அப்பாவை ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை, எத்தனை முயன்றாலும் அவர் முகம் எனக்குச் சரியாக வருவதில்லை. பெரியம்மாவின் முகம் மட்டும் மூக்குத்தியோடு அப்படியே வந்து நிற்கிறது.