அழகரத்தினம் சொல்லாமல் விட்டது

குருக்கள்மடம் ஊரில் அழகரத்தினத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், "பிளேனுக்குக் கை காட்டுறவர்" என்பார்கள். பாதிதான் சரி. மட்டக்களப்பு வாவியில், தண்ணீரிலேயே வந்து இறங்கும் சிறிய விமானம் ஒன்றை ஒரு கம்பனி விட்டிருந்தது. பின்னேரத்தில் வரும், உல்லாசப் பயணிகளை இறக்கும், இருட்டுமுன் போய்விடும். தரையில் இறங்குகிற விமானத்துக்குத் தார் போட்ட பாதையும் வேலியும் இருக்கும். வாவிக்கு ஏது வேலி? செம்மஞ்சள் மிதவை போட்டுப் பிரித்த பாதைக்குள் தோணி வரும், வலை வரும், மழைக்குப் பிறகு ஆற்றுவாழைச் செடி கும்பல் கும்பலாக மிதந்து வரும். ஆகவே விமானம் இறங்குமுன் ஒரு படகு அந்தப் பாதை முழுக்க ஓடிப் பார்க்கவேண்டும். ஓட்டுகிறவர் காத்தான்குடி ஆதம்பாவா. படகு பாதையை விட்டு விலகியதும், இறங்குதுறையில் நின்று "பாதை சுத்தம்" என்று வோக்கிடோக்கியில் விமானிக்குச் சொல்கிறவர் அழகரத்தினம். இரண்டு பேரும் சரி என்றால்தான் அது கீழே வரும்.

இருவரும் முன்பு இதே வாவியில் மீன் பிடித்தவர்கள். ஆதம்பாவா வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர்; அழகரத்தினத்துக்கு அவர் 'காக்கா', அண்ணன் மாதிரி. அழகரத்தினம் வோக்கிடோக்கியில் மனப்பாடம் செய்த இங்கிலீசு பேசும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "வெள்ளைக்காரன் தோத்தான்" என்று நக்கலடிப்பார். இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் இரண்டு வீட்டாரும் போய் வந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவில் ஒருவர் நடக்கப் பயந்த காலத்தைப் பார்த்தவர்கள் என்பதால், இந்தப் போக்குவரத்தை இருவரும் கொஞ்சம் கவனமாகவே வைத்திருந்தார்கள். கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற மாதிரி.

கம்பனியின் பாதுகாப்பு அதிகாரி கம்சாயினி. கிரான் ஊர்ப் பிள்ளை, வெளியூரில் படித்து வந்தவள். மாதம் ஒருமுறை ஊழியர்களைக் கொட்டகைக்குள் இருத்தி வகுப்பெடுப்பாள்.

"நான் குற்றவாளியத் தேடல்ல, ஆபத்தத் தேடுறன்," என்பாள். "ஒரு விபத்து நடக்கிறதுக்கு முந்தி எத்தினையோ அருந்தப்பு, மயிரிழையில தப்பினது, நடந்திருக்கும். அந்த அருந்தப்ப எனக்குச் சொல்லுங்க. பலகை உக்கி இத்துப்போனாலும் சொல்லுங்க, பக்கத்தில நிக்கிறவருக்குத் தலை சுத்தினாலும் சொல்லுங்க. சொன்ன ஆளுக்கும் ஒண்டும் நடக்காது, சுகமில்லாத ஆளுக்கும் ஒண்டும் நடக்காது. சுகம் வருமட்டும் கரையில வேற வேலை, அதே சம்பளம்."

அழகரத்தினம் இந்த வகுப்பில் நல்ல மாணவன். இறங்குதுறையில் ஆணி கிளம்பியதைச் சொன்னார். பாதையோரம் யாரோ மீன்கழிவு கொட்டுவதால் நீர்க்காகங்கள் கூட்டமாக எழும்புகின்றன, விமானத்தின் விசிறியில் அடிபடும் என்று சொன்னார். கம்சாயினி எல்லோர் முன்னிலும் கைதட்டினாள். ஆனால் ஒரு விஷயத்தை அந்தப் பிள்ளை கவனிக்கவில்லை. அவர் பலகையைப் பற்றிச் சொல்வார், பறவையைப் பற்றிச் சொல்வார். ஒரு மனிதனைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

சொல்லவும் மாட்டார். அவர் பதின்வயதில் இருந்தபோது ஊர் ஆண்களையெல்லாம் படையினர் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நிறுத்தினார்கள். சாக்கால் முகம் மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருந்தான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்கவேண்டும். அழகரத்தினத்தின் அண்ணன் நடந்தபோது அந்தச் சாக்குத் தலை ஆடியது. அவ்வளவுதான். அண்ணன் வீட்டுக்கு வரவே இல்லை. தலையாட்டி யார் என்று கடைசிவரை தெரியவில்லை, ஊரான் ஒருவன் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் அதன் பிறகு ஒரே சட்டம்தான்: ஆரையும் ஆருக்கும் காட்டிக்கொடுக்கக் கூடாது. இப்படி வளர்ந்தவனிடம் போய், பக்கத்தில் நிற்பவனைப் பற்றிச் சொல், நல்லதுக்குத்தான் என்றால் எப்படி நம்புவான்? கம்சாயினி படித்த புத்தகத்தில் சாக்கு போட்ட மனிதன் இல்லை.

நோன்பு மாதம் வந்தது. ஆதம்பாவாவுக்குச் சீனி வருத்தம் முற்றி இன்சுலின் ஊசி போடும் நிலைக்கு வந்து கொஞ்ச காலம். நோன்பு பிடிக்கவேண்டாம் என்று டொக்டர் சொன்னார். வருத்தக்காரனுக்கு மார்க்கத்தில் விலக்கு இருக்கிறது என்று மவ்லவியும் சொன்னார். இந்த மனிதன் கேட்டால்தானே. பிறந்து அறிந்த நாள் முதல் விட்டதில்லை, இப்போது மட்டும் விடுவேனா என்று ஒரே பிடி.

முதல் வாரத்திலேயே ஒரு பின்னேரம், படகைக் கட்ட வந்தவரின் கை கயிற்றைப் பிடிக்கமாட்டாமல் நடுங்கியது. சேர்ட் தெப்பமாக நனைந்திருந்தது. ஏதோ கேட்டதற்கு வேறு ஏதோ சொன்னார். அழகரத்தினம் அவரை நிழலில் இருத்தி விசிறினார். சட்டைப்பையில் இருந்த டொபியை உரித்து நீட்டினார்.

"நோம்பு கிடக்கு," என்று ஆதம்பாவா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காக்கா, இது சரிவராது. கம்சாயினி மிஸ்ஸிட்ட ஒரு சொல்லுச் சொல்லுவம். இந்த மாசம் கரையில நில்லுங்க."

"சொல்லிராத அழகு. நோம்பு பிடிச்சவன் ஏலாமக் கிடக்கான் எண்டு கம்பனி முழுக்கக் கதைக்கிறதுக்கா?" சற்றுத் தெளிந்ததும் சிரித்தார். "எனக்கு ஒண்டும் இல்ல மனே. வெயில்."

அழகரத்தினம் அதோடு விட்டுவிட்டார். காட்டிக்கொடுப்பது என்பது ஒன்று, அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. ஒரு தமிழன் முஸ்லிமின் நோன்பைக் கொண்டுபோய் அதிகாரியிடம் பிடித்துக்கொடுத்தான் என்று வந்துவிட்டால், இத்தனை வருடப் பழக்கம் என்ன ஆகும்? யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். சொல்லத் தேவையில்லை, நான் பார்த்துக்கொண்டால் போதும். இந்த ஊரில் எல்லோரும் எடுக்கிற முடிவுதான் அது. கஷ்டத்தை மேலிடத்துக்குக் கொண்டுபோகாமல், நமக்குள் நாமே ஆளையாள் தாங்கிக்கொள்வது. அப்படித் தாங்கித்தான் அவர்கள் யுத்தத்தையே கடந்து வந்தார்கள். அதனால் அது பிழையாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து படகு போகும்போதெல்லாம் கண்ணை எடுக்காமல் நின்றார். சில நாள் தானே படகை எடுத்தார், ஆதம்பாவாவைக் கரையில் நிறுத்தினார். பெருநாளுக்கு இன்னும் கொஞ்சம்தான், கொஞ்சம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கும் படகை நானே எடுக்கிறேன் என்றுதான் கேட்டார். "நேத்தும் நீதான் போன. நான் என்ன, கிழவனா?" என்று ஆதம்பாவா ஏறிப் போய்விட்டார். மிதவைச் சட்டையைப் போட்டிருந்தார், ஆனால் வாரைக் கட்டவில்லை. வாவியில் பிறந்து வளர்ந்தவன் எவன் கட்டுகிறான்? அழகரத்தினம் பார்த்துக்கொண்டே நின்றார். பாதையின் நடுவில் படகு வளைந்தது. நேராகப் போகவேண்டிய இடத்தில் வட்டம் போட்டது. பிறகு இயந்திரம் நின்றது. ஆதம்பாவா எழும்பி நின்று எதையோ தேடுவதுபோலக் கையை நீட்டியதைக் கண்டார். அடுத்த கணம் படகில் ஆள் இல்லை.

மேலே விமானம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது.

"இறங்க வேண்டாம், பாதையில் படகு, இறங்க வேண்டாம்." அந்த இங்கிலீசு வாக்கியத்தை அவர் வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லிப் பழகியிருந்தார். குரல் தடுமாறவில்லை. விமானம் மூக்கை உயர்த்தி மேலே போய், வாவியை ஒரு சுற்றுச் சுற்றியது. பயணிகள் இன்னொரு வட்டம் கிடைத்த சந்தோஷத்தில் படம் எடுத்தார்களாம், விமானி பிறகு சொன்னான்.

அழகரத்தினம் வோக்கிடோக்கியை எறிந்துவிட்டு, அருகில் கிடந்த மீன்பிடித் தோணியில் பாய்ந்து துடுப்பு வலித்தார். படகுக்குப் பக்கத்தில் மிதவைச் சட்டை தனியாக மிதந்தது. அந்த இடத்தில் தண்ணீர் கழுத்தளவுதான். சுகமான மனிதன் எழும்பி நின்றிருந்தால் மூச்சு விட்டிருப்பான். ஆதம்பாவாவைத் தோணிக்குள் இழுத்துப் போட்டு, நெஞ்சில் அழுத்தி, வாயில் ஊதி, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். கரையில் ஆட்கள் வந்து பிடித்து விலக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

விசாரணையில் கம்சாயினி மெதுவாகத்தான் கேட்டாள். "அண்ணன், முந்தி இப்பிடி ஏதும் நடந்ததா? உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"தெரியா மிஸ்," என்றார் அழகரத்தினம். செத்தவனையும் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் சொன்னாரா என்று கேட்டால், ஓம், அதுவும் இருந்தது. முன்னறிகுறி எதுவும் இல்லாத திடீர் மயக்கம் என்று விசாரணை முடிந்தது. படகில் இனி இரண்டு பேர் போகவேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. விமானத்தைத் தக்க நேரத்தில் திருப்பிவிட்டதற்காகக் கம்பனி அவருக்குப் பாராட்டு விழா வைத்தது. பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் பாதுகாப்பு முறை வேலை செய்கிறது என்பதற்கு இவர் சாட்சி என்று கொழும்பிலிருந்து வந்த மேலாளர் பேசினார். பொன்னாடைக்குள் அழகரத்தினத்துக்கு வியர்த்துக் கொட்டியது. வீட்டுக்குப் போனதும் அதைச் சுருட்டி அலுமாரிக்கு அடியில் தள்ளினார்.

ஆதம்பாவாவின் மனைவி றபீக்காவிடம் போய்ச் சொல்லவேண்டும் என்பது அவருக்கு ஜனாஸா அடக்கிய அன்றே தோன்றியது. ஆனால் அவள் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் அந்நிய ஆண்களைக் காணாமல் வீட்டுக்குள் இருக்கவேண்டிய காலம். அந்தக் காலம் முழுக்க அவர் அதைச் சுமந்தார். அவள் தன்னைத் திட்டுவாள், வாசலோடு போ என்பாள் என்று தினமும் நினைத்தார். திட்டினால் நல்லது என்றும் நினைத்தார்.

இத்தா முடிந்த வாரம் காத்தான்குடிக்குப் போனார். றபீக்கா அவரை முன்னறையில் இருத்தி, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மெலிந்திருந்தாள். அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"ராத்தா, ஒண்டு சொல்லோணும். காக்காக்கு முந்தியே ஏலாம வந்த. நான் கண்ட. மிஸ்ஸிட்ட சொல்லியிருந்தா அவர் கரையில நிண்டிருப்பார். நான் சொல்லல்ல. விசாரணையில கேட்டப்பவும் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

றபீக்கா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். கோபம் இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை.

"எனக்கும் தெரியும் தம்பி," என்றாள். "வீட்டிலயும் ரெண்டு தரம் விழப் பாத்தவர். நான் அந்தக் கம்சாயினிப் புள்ளைக்குப் போன் எடுக்கப்போற எண்டு சண்டை போட்டன். அதுக்கு அவர் சிரிச்சிப்போட்டு என்ன சொன்ன தெரியுமா? 'நீ எடுக்காத. அழகு கண்டுட்டான். நான் சொல்லாத எண்டுதான் சொன்ன, ஆனா அவன் எனக்காகச் சொல்லிப்போடுவான். ரெண்டு நாளில என்னக் கரையில இருத்திப்போடுவாங்க. அப்ப நானாப் படக விட்டதாவும் இருக்காது' எண்டார்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அதுதான் தம்பி, நான் போன் எடுக்கல்ல. ஒவ்வொரு நாளும் பின்னேரம், இண்டைக்குச் சொல்லியிருப்பீங்க, இண்டைக்குச் சொல்லியிருப்பீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்த நான்."