என் மகளின் சிறுநீரகத்துக்காக மூன்று மாதம்

என் மகள் ரோசலினை நான் அடித்தேன். ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல வந்த நான் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

1986, புளி உலுக்கும் காலம். பென்னாகரம் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். அவளுக்குப் பதினெட்டு வயது. ஒரு மாதமாகக் காய்ச்சல், மூட்டுவலி என்று படுத்திருந்தவள், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வலது காலை இழுத்து நடந்தாள். செருப்பு கழன்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் எழுந்து போனார்கள். கல்யாணம் வேண்டாமென்று நடிக்கிறாள் என நினைத்தேன். புளிய விளாரை எடுத்து அந்தக் காலிலேயே விளாசினேன். அவள் அழவில்லை. திமிர் என்று இன்னும் ஓங்கி அடித்தேன். தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

"அடிங்கப்பா. எங்க படுதுன்னே தெரியல" என்றாள்.

மனைவி லூர்து விளாரைப் பிடுங்கி என் முகத்திலேயே வீசினாள். "மரத்துப்போன காலப் போயி அடிக்கிறீங்களே, நீங்கல்லாம் வாத்தியாரா?"

அடுத்த வாரம் காலெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளிகள். தொழுநோய் என்றது ஊர். குழாயடியில் லூர்துவின் குடத்தை எட்டி உதைத்தார்கள். என் சொந்தத் தம்பியே வாசலுக்கு வெளியே நின்று பேசினான். "எங்கியாவது கொண்டுபோயி உட்டுடுங்கண்ணா. இல்லன்னா வூட்டக் கொளுத்திப் போடுவானுங்க." அன்றே ரோசலினின் சிறுநீர் கறி கழுவிய தண்ணீர் போல வந்தது. சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா சொன்னார். தொழுநோய் இல்லை. உடம்பே தன் ரத்தக்குழாய்களைத் தாக்கி அழிக்கிறது. கண், நுரையீரல், சிறுநீரகம், நரம்பு என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம் விட்டார். கெண்டைக்காலில் இருந்த கோடுகளைப் பார்த்து, "இது எப்ப வந்தது?" என்றார்.

"நான் அடிச்சதுங்க."

பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். "அப்ப இதுல சேராது. நோய் விட்டுட்டுப் போற சேதத்த மட்டும்தான் இதுல எழுதுவேன்."

அந்த இடங்கள் எல்லாவற்றையும் காலியாகவே விட்டார். "இப்ப நோய் எரிஞ்சிட்டிருக்கு. இத வெச்சுக் கணக்கு போடக் கூடாது. மருந்துல அணைஞ்சு, மூணு மாசம் கழிச்சும் தேறாம நிக்கறதுதான் நிரந்தர சேதம். கிட்னி மட்டும் அதுல வந்துடக் கூடாது."

மாத்திரைகளோடு ஊர் திரும்பினோம். தினமும் காலையில் பள்ளிச் சோதனைக் குழாயில் அவள் சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்கச் சொல்லியிருந்தார். சிறுநீரகத்திலிருந்து புரதம் கசிந்தால் திரளும். முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டது. நாள் தவறாமல் திரண்டது. ஒரு நாள் ஜெபமாலையைச் சுவரில் அடித்தேன். மணிகள் சிதறின. லூர்து குனிந்து பொறுக்கினாள். நானும் மண்டியிட்டுப் பொறுக்கினேன். அப்படியே அழுது ஜெபித்தேன். "ஆண்டவரே, அடித்தவன் நான். என் கையை எடுத்துக்கொள்ளும். அவள் சிறுநீரகத்தை விட்டுவிடும்."

இரண்டு மாதம் கழிந்து ஒரு காலை, குழாய் தெளிவாகவே இருந்தது. நம்பாமல் மறுபடி காய்ச்சினேன். மறுபடியும் தெளிவு.

"போதுங்கப்பா, காபியாயிடப் போவுது" என்றாள் ரோசலின்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா அந்தத் தாளை நிரப்பினார். சிறுநீரகம்: சேதம் இல்லை. நரம்பு: வலது பாதம், நிரந்தரம்.

மருந்தின் வழியாக ஆண்டவர் செய்தார் என்று நம்புகிறேன். பாதம் ஏன் தேறவில்லை என்று எனக்குத் தெரியாது. பாதம் தொங்காமல் இருக்க அவள் காலில் பட்டை கட்டி நடக்கிறாள். அதன்பிறகு வகுப்பில் நான் பிரம்பைத் தொடவே இல்லை.

பிரியமானவர்களே, நல்லவனான பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். செய்ததைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். என்னையே அவர் விரட்டவில்லை.