செவ்வாய்க்கிழமை வராதவன்

என் கையெழுத்தை நம்பி என்னை ஜாமீனில் விட்டார்கள். பாங்க்கில்கூட அந்தக் கையெழுத்தை ஒரே தடவையில் ஒப்புக்கொண்டது கிடையாது.

போனஸ் கேட்டு ஒரகடத்தில் எங்கள் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்தோம். நான் உட்கார்ந்ததற்குக் கொள்கை பாதி, பந்தல் நிழலும் மோரும் பாதி. போலீஸ் வேனில் ஏற்றியபோது ஜன்னல் சீட்டுக்கு முண்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். தள்ளுமுள்ளில் கேட் கண்ணாடி உடைந்திருந்ததால் அது வழக்காகிவிட்டது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மாஜிஸ்ட்ரேட் அம்மா பணம் கட்டச் சொல்லவில்லை. ஜாமீன் நிற்க வீட்டு வரி ரசீதோடு ரெண்டு ஆளைக் கூட்டி வரச் சொல்லவில்லை. கூப்பிடும் நாளில் வருவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். எனக்காவது குன்றத்தூரில் சொந்தக்காரர்கள் உண்டு. என்னோடு பிடிபட்டவர்களில் பாதிப்பேர் தெற்கிலிருந்து வந்து ரூமில் தங்கியிருப்பவர்கள். அவர்களுக்கு இந்த ஊரில் வரி ரசீதோடு யார் வருவார்கள்?

சில வாரம் கழித்து கேன்டீனில் பேப்பர் படித்தேன். புதுச் சட்டம் ஒன்றைப் பற்றிப் பேச்சு நடக்கிறதாம். பணமும் ஆளும் கேட்காமல் எத்தனை பேரை விட்டார்கள், அதில் எத்தனை பேர் வாய்தாவுக்கு வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று ஒவ்வொரு கோர்ட்டும் ஊரறிய வெளியிட வேண்டுமாம். சாம்பார் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். யார் போனில் தட்டினாலும் என் பெயர் வந்துவிடும் என்று பயந்து, இலவச சட்ட உதவியில் எங்களுக்குக் கிடைத்த வக்கீல் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"பேரெல்லாம் வராதுண்ணா. நம்பர்தான்."

"அப்பாடா!"

"இன்னா அப்பாடா? ஒழுங்கா வர்றவங்க கணக்கு வெளிய தெரிஞ்சா நல்லதுதான். வராதவங்க கணக்கு ஏறிச்சுன்னா, 'பாரு, சும்மா வுட்டா ஓடிடறானுங்க'ன்னுவாங்க. அப்புறம் அடுத்து வர்றவன் மாட்டிப்பான். நீங்க செவ்வாய்க்கிழமை வாய்தாவுக்குக் கரெக்டா வந்துடுங்க."

வருகிறேன் என்றேன். சத்தியமாக வரத்தான் இருந்தேன்.

அந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். திங்கள் இரவு உள்ளே போனால் செவ்வாய் காலையில்தான் வெளியே வருவோம். ஆனால் வருகைப் பதிவில் அது முழுக்கத் திங்கள். பல வருஷமாக அந்தப் பதிவுதான் எனக்குக் காலண்டர். திங்களை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். சாயங்காலம் எழுந்து மறுபடி வேலைக்குப் போனேன். காலையில் திரும்பி வந்து குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன்.

"இன்னாய்யா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றாள் மனைவி.

"கோர்ட்டுக்குடி. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை."

அவள் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். அவள் விடிந்ததுமே தாளைக் கிழித்திருந்தாள். புதன் என்றிருந்தது.

"நேத்து பகலெல்லாம் கொறட்டை வுட்டியே, எனக்குச் சொல்லி இருக்கலாம்ல?" என்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "புடிச்சிகினு போயிடுவாங்களாய்யா?"

வக்கீலுக்குப் போன் போட்டேன். "எங்கண்ணா போனீங்க? நேத்தே பிடிவாரன்ட் போட்டாச்சு. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி நீங்களே வந்துடுங்க" என்றாள்.

பஸ்ஸில் போகும்போது காக்கி எல்லாம் போலீஸாகத் தெரிந்தது. டிக்கெட் கேட்ட கண்டக்டரைப் பார்த்துக் கும்பிட்டேன். சிக்னலில் நிஜப் போலீஸ்காரர் ஒருவர் பஸ் பக்கம் திரும்பியபோது குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். நான் போட்டிருந்தது செருப்பு. இன்று சொன்னால் சிரிப்பார்கள். அன்று கோர்ட் ஸ்டாப் வரும்வரை நான் நிமிரவே இல்லை.

கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நேத்து ஏன் வரலை?" என்றார் மாஜிஸ்ட்ரேட் அம்மா.

"தூங்கிட்டேம்மா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னால் வந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வருகைப் பதிவின் கதையை உளறிக் கொட்டினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"உங்க கம்பெனியோட திங்கக்கிழமை கோர்ட்டுக்குத் தெரியாதுங்க. இந்தத் தடவை விடறேன். அடுத்த வாய்தாவுக்கு எந்த ஷிஃப்ட்?"

"நைட்டும்மா. வூட்டுக்குப் போனாத்தானே தூங்குவேன்? நேரா இங்க வந்துடறேன்."

வாரன்ட் ரத்தானது. மூச்சு வந்தது. கைகட்டி ஓரமாக ஒதுங்கினேன்.

அடுத்து வேறு வழக்கு, வேறு ஆள். முப்பது வயசு இருக்கும். பேச்சில் தெற்கு. அவருக்கும் எங்கள் வக்கீல்தான். சொந்தக் கையெழுத்தில் விடச் சொல்லிக் கேட்டாள். மாஜிஸ்ட்ரேட் காகிதத்தைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி ஹாலைப் பார்த்தார். என்னையும் பார்த்தார் என்றுதான் எனக்குப் பட்டது.

"ரெண்டு ஆள் ஜாமீன்."

"அம்மா, இங்க எனக்கு ஆளே கெடையாதும்மா" என்றார் அவர். போலீஸ்காரர் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

வெளியே வந்து வக்கீலிடம், "என்னாலயாம்மா?" என்று கேட்டேன்.

"சேச்சே, அவர் கேஸே வேறண்ணா" என்றாள். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சட்டம் வந்ததா, எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. பேப்பரில் தேடுகிறேன். வந்தால் அதில் வராதவர்கள் என்று ஒரு எண் இருக்கும். அதில் ஒன்று நான்.

அடுத்த வாய்தாவுக்கு ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடு நேராகப் போனேன். கோர்ட் கேட் இன்னும் திறக்கவில்லை. உட்கார்ந்தால் கண் சொருகும் என்று எதிர் டீக்கடையில் நின்றுகொண்டே இருந்தேன்.

"அண்ணே, இன்னிக்கு இன்னா கெழமை?"

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இத்தோட மூணு வாட்டி கேட்டுட்ட. செவ்வாய்தான்யா" என்றார்.

பத்து மணிக்குள் இன்னும் ரெண்டு தடவை கேட்டேன்.